வரிசை எண் ஒன்று

என் கையெழுத்து அழகாக இருக்கும். தற்பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததில் பாதி அதனால் நடந்தது, அதற்காகச் சொல்கிறேன். சங்கத்தில் யாருக்கு எந்தக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுப்பேன். "கம்ப்யூட்டர் தோத்துச்சுண்ணே" என்பார்கள். நானும் இளித்துக்கொண்டு நிற்பேன்.

பெயர் தணிகாசலம். ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் செய்யும் கம்பெனியில் இருபத்தொரு வருட சர்வீஸ். பர்மனென்ட். சங்கச் செயலாளர். மண்ணூரில் சொந்த வீடு. என் மகள் மதிவதனி பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்துவிட்டு அதே கம்பெனியில், அதே லைனில் டிரெய்னியாக இருந்தாள். நான் ஆறாவது ஸ்டேஷனில் ரப்பர் சீலைப் பள்ளத்தில் பொருத்துவேன். ஐந்து ஆள் தள்ளி, பதினொன்றாவது ஸ்டேஷனில் அவள் பிஸ்டனை அழுத்தி இறக்குவாள்.

எனக்கு நீலச் சட்டை, அவளுக்குச் சாம்பல் சட்டை. சட்டப்படி நான் தொழிலாளி, அவள் கற்றுக்கொள்கிறவள். பிஸ்டன் இறக்க அவள் இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். பாக்கி இருபத்திரண்டு மாதம் எதைக் கற்றாள் என்று கேட்டால் கம்பெனிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு வருடம் முடிந்ததும் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அந்த இடத்தில் இன்னொரு சாம்பல் சட்டை நிற்கும். மதியின் பேட்சில் நூற்று நாற்பது பேர். மார்ச்சோடு அவர்களுக்கு முடிகிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், 'நம்ம பொண்ணுன்னா மேனேஜ்மென்ட்ல பேசி பர்மனென்ட் ஆக்கிடலாம்' என்று ஒரு நப்பாசை. என் மனைவி சந்திரலேகா தினமும் அதைக் கேட்பாள். பேசுகிறேன், பேசுகிறேன் என்று இரண்டு வருடத்தை ஓட்டினேன்.

ஜனவரியில் எங்கள் சங்கப் பொதுக்குழு. ஒரகடத்தில் கல்யாண மண்டபம் எடுத்திருந்தோம். புதிய சம்பள ஒப்பந்தம் பற்றிப் பேசுவதற்காகக் கூடினோம். வாசலில் சலசலப்பு என்று போய்ப் பார்த்தால், சாம்பல் சட்டைக்காரர்கள் முப்பது பேர். முன்னால் என் மகள்.

"உள்ள வுட மாட்றாங்கப்பா" என்றாள்.

"விதி நாலும்மா. பர்மனென்ட் தொழிலாளி மட்டும்தான் உறுப்பினர். மத்தவங்க கூட்டத்துல உக்கார முடியாது."

"ஒரே லைன்லதானேப்பா நிக்கிறோம்?"

"நிக்கிறது வேற, உறுப்பினர் வேற. நீங்க கிளம்புங்க, நான் வூட்டுக்கு வந்து பேசறேன்."

அந்த விதியை எழுதியவனும் நான்தான். சங்கம் ஆரம்பித்த வருடம், கம்பெனி தன் ஆட்களை உள்ளே நுழைத்துவிடக் கூடாது என்று பயந்து எழுதினோம். அன்றைக்கு அது சரி. அதற்குப் பிறகு லைனில் நீலச் சட்டை குறைந்து குறைந்து, மூன்றில் இரண்டு பேர் சாம்பல் ஆகிவிட்டார்கள். விதி மட்டும் என் அழகான கையெழுத்தில் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மதியின் தோழி தங்கமாரிதான் பேசினாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். சின்ன உருவம், பேச்சில் தயக்கமே கிடையாது.

"அப்பா, பிப்ரவரி ரெண்டாவது வாரம் கஸ்டமர் ஆடிட் வருதுல்லா? அந்த வாரம் நாங்க ஒரு வேலை செய்யப் போறோம்."

எங்களிடம் பிரேக் வாங்கும் வண்டிக் கம்பெனிக்காரர்கள் வந்து லைனைச் சோதிப்பதுதான் அந்த ஆடிட். தங்கள் திட்டத்தைச் சொன்னாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலைக்கு மேல் ஒரு ஷீட் தொங்கும். ஒரு பீசுக்கு என்னென்ன செய்ய வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எத்தனை முறை துடைக்க வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். அதன்படி செய்தால் ஒரு பீசுக்கு ஒரு நிமிடம் ஆகும். லைன் ஓடுவது முப்பத்தெட்டு நொடியில். அதாவது அந்த ஷீட்டை யாரும் மதிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆடிட்டுக்கு வருகிறவனைத் தவிர. பக்கத்தில் ஒரு மஞ்சள் கயிறும் தொங்கும். பீசில் குறை கண்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து லைனை நிறுத்தலாம், நிறுத்த வேண்டும் என்பது கம்பெனியே எழுதி வைத்த விதி.

"ஆடிட் அன்னைக்கு நாங்க நூத்தி நாப்பது பேரும் ஷீட்ல உள்ளபடியே வேலை பாப்போம். குறை கண்டா கயித்த இழுப்போம். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. யாரையும் பாத்து ஏன் மெதுவா செய்தேன்னு கேக்க முடியாது. அவங்க எழுதுனதத்தான செய்தோம்?"

"கோரிக்கை?"

"அவங்களே வந்து என்ன வேணும்னு கேப்பாங்க. யாருட்ட கேட்டாலும் ஒரே பதில்தான். ரெண்டு வருசம் முடிஞ்சா அனுப்பக் கூடாது, அதே இடத்துல வேலை. அவ்வளவுதான்."

"தலைவர் யாரு?"

"யாரும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாம்மா இது, கண்ணாமூச்சி ஆட்டமா? தலைவர் இல்ல, பேப்பர் இல்ல, இதுக்குப் பேரு போராட்டமா?"

மதி குறுக்கிட்டாள். "நாங்க உன்கிட்ட போராட்டம் கேட்டு வரல்லப்பா. ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தோம். நாங்க மெதுவா செய்யறப்ப, நீங்க பர்மனென்ட் ஆளுங்க எங்க ஸ்டேஷனுக்கு வந்து எங்க வேலையையும் இழுத்துப் போட்டுக்கினு செய்யாதீங்க. அது போதும்."

கேட்டது அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு நில் என்றார்கள். நான் அதைச் செய்திருக்கலாம். ஆனால் இருபது வருடம் சங்கம் நடத்தியவனிடம் போய்ச் சும்மா இரு என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? எங்கள் காலத்துக் கதையை எடுத்தேன். சங்கம் கேட்டுக் கையெழுத்துப் போட்ட பட்டியலில் நான் முதல் ஆள். மூன்று பேரை வெளியே போட்டார்கள். பதினான்கு மாதம் வழக்கு நடத்தி, மாலையோடு உள்ளே வந்தோம். கேட்டில் பட்டாசு வெடித்தார்கள்.

"பயந்து ஒளிஞ்சா எவனும் மதிக்க மாட்டான். பேரு, ஐ.டி. நம்பர், கையெழுத்து. கோரிக்கைய எழுதி, பட்டியலை இணைச்சு, ஹெச்.ஆர்.ல குடுத்து, நகல்ல சீல் வாங்கணும். அந்த சீல்தான் நமக்கு ஆயுதம்."

தங்கமாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்களுக்கு வேலைன்னா ஒரு இடம். உங்கள வெளிய போட்டாலும் அந்த இடம் உங்களுதுன்னு கோர்ட்டுல சொல்லலாம். எங்களுக்கு வேலைன்னா ரெண்டு வருசம். அது முடியப் போகுது. எத வச்சு கேஸ் போடுறது? எங்களுக்குன்னு ஒரு சட்டத்த இன்னும் யாரும் எழுதல்ல. நாங்கதான் புதுசா எதையாவது யோசிக்கணும்."

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது எனக்குப் பழக்கம். "யோசிக்கறதுக்கு முன்னாடி நாங்க இருபது வருசமா செஞ்சதக் கத்துக்கோங்க!" என்று கத்தினேன். சந்திரலேகா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மதி தங்கமாரி பக்கம் திரும்பி, "அப்பாவுக்குத் தெரியாம இருக்காது, மாரி" என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான் காரியத்தை முடித்தது. என் வாதத்துக்கு அவர்கள் மசியவில்லை, அவள் என்மேல் வைத்திருந்த நம்பிக்கைக்குத்தான் இணங்கினார்கள்.

பட்டியலை நானே எழுதினேன். கோடு போட்டு, வரிசை எண், பெயர், ஐ.டி. எண், ஸ்டேஷன், கையெழுத்து என்று ஐந்து கட்டம். "செயலாளர் பொண்ணு பின்னாடி நிக்கக் கூடாது" என்று சொல்லி, வரிசை எண் ஒன்றில் மதிவதனியின் பெயரை எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது தங்கமாரி. நூற்று நாற்பது பேரில் நாற்பத்து மூன்று பேர் போட்டார்கள். மற்றவர்கள் பேப்பரைப் பார்த்ததுமே ஒதுங்கிவிட்டார்கள். கோழைகள் என்று திட்டினேன்.

வியாழக்கிழமை ஹெச்.ஆர். அறைக்குக் கொண்டுபோனேன். அதிகாரி எழுந்து நின்று வாங்கினார். டீ வரவழைத்தார். பட்டியலை முழுவதும் படித்துவிட்டு, "கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார். நகலில் சீல் குத்திக் கொடுத்தார். நான் அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஸ்டேட்டஸ் போட்டேன்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட். மண்ணூர் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸில் நானும் மதியும் ஒன்றாக ஏறினோம். கேட்டில் இரண்டு வழி. நீலச் சட்டைக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று. மதி கார்டை வைத்தாள். மெஷின் சிவப்பு காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள், சிவப்பு. பின்னால் தங்கமாரி, சிவப்பு. ஒவ்வொருவராக வந்து வைக்க வைக்க, சிவப்பு காட்டியவர்கள் எல்லாம் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

செக்யூரிட்டி ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டு வந்தார். சான்றிதழ்கள். 'பயிற்சி வெற்றிகரமாக நிறைவு பெற்றது' என்று ஆளுக்கு ஒன்று. சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை, படிப்பு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். வழக்கு போட்டால் நீதிபதிகூடப் பாஸானதற்கு வாழ்த்துத்தான் சொல்வார்.

மதி என்னைப் பார்த்தாள். நான் நீல வழியில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஆட்கள் தள்ளினார்கள். கார்டை வைத்தேன். பச்சை காட்டியது. உள்ளே போய்ப் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

அன்று மதியம் கேன்டீனில் சங்கக் கமிட்டியைக் கூட்டினேன். பதினோரு பேர். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் வேலையை நிறுத்துவோம் என்று கெஞ்சினேன். தலைவர் தாவீது எங்கள் ஊர்க்காரன், என்னோடு சேர்ந்து வழக்கில் நின்றவன். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, அடுத்த வாரம் ஒப்பந்தத்துல கையெழுத்து. இப்பப் போயி லைனை நிறுத்தினா எல்லாம் கெடும். அவங்க நம்ம உறுப்பினர் கிடையாதுண்ணே. விதி நாலு கீது இல்ல?"

"அவ என் பொண்ணுடா."

"எனக்குப் புரியாம இல்லண்ணே. விதிய எழுதினது நீதானே?"

கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டு கை உயர்ந்தது. அதில் ஒன்று என்னுடையது.

இனிமேல் சொல்வதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. ஆடிட் வாரம் அது. நாற்பத்து மூன்று ஸ்டேஷன் காலி. புது ஆட்கள் புதன்கிழமைதான் வருவார்கள். சூப்பர்வைசர் வந்து, "தணிகாசலம் சார், நீங்க பதினொண்ணப் பாத்துக்கங்க, ஆறை தாவீது சேத்துப் பாக்கட்டும்" என்றார். நான் போய் நின்றேன். மதி நின்ற இடத்தில், அவள் உயரத்துக்கு வைத்திருந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு, திங்களும் செவ்வாயும் பிஸ்டன் இறக்கினேன். முப்பத்தெட்டு நொடிக்கு ஒன்று. தலைக்கு மேல் ஷீட் தொங்கியது, பக்கத்தில் மஞ்சள் கயிறு. கை எட்டும் தூரம்தான். ஆடிட்டுக்கு வந்தவர்கள் என் பின்னால் நின்று பார்த்தார்கள். ரப்பர் சீல் மடங்கிய பீஸ் ஒன்று என் கைக்கு வந்தது. நான் நகத்தால் நீவிச் சரிசெய்து அனுப்பினேன். லைன் நிற்கவில்லை. ஆடிட்டில் கம்பெனிக்கு நல்ல பெயர், எங்கள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

ஏன் இழுக்கவில்லை என்று என்னைக் கேட்டால் பயம் என்று சொல்ல மாட்டேன். பயமாக இருந்தால்கூடத் தேவலை. லைன் ஓடணும் என்று கை பழகிவிட்டது. போராட்டம் என்றால் பேப்பரில், வேலை என்றால் வேலை. இருபத்தொரு வருடமாக இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தார்கள். அது என் மண்டையில் ஏறவே இல்லை.

மதி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்தது. இன்டர்வியூவில் சிரித்துப் பேசுவார்கள், மெடிக்கல் முடியும், ஆதாரை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள், வெளியே வந்து "கூப்பிடறோம்" என்பார்கள். யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரலில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனேன். வசந்தகுமார் என்று ஒரு காண்ட்ராக்டர், பல கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர். எனக்குப் பழக்கம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ். மதியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"உங்க பொண்ணுன்னா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? பேரு சொல்லுங்க."

சொன்னேன். அவர் போனை எடுத்துத் தேடினார். முகம் மாறியது.

"என்னங்க?"

"தப்பா நினைக்காதீங்கண்ணே. எங்க காண்ட்ராக்டர் குரூப்ல பிப்ரவரிலயே வந்துடுச்சு. இதுல உள்ளவங்கள எடுத்தா எனக்கு ஆர்டர் போயிடும்." போனை என் பக்கம் திருப்பினார்.

நீல மை. ஸ்கேல் வைத்த கோடு. ஐந்து கட்டம். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. வரிசை எண் ஒன்று, ம-வுக்கு ஒரு அலங்காரச் சுழி போட்டு, என் மகளின் பெயர். இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். பெரிதாக்கினாலும் தெளிவாகத்தான் இருந்தது.

"யாரு எழுதினாங்களோ, சூப்பரா எழுதிருக்காங்க. ஒரு பேருகூடக் குழப்பமே இல்ல" என்றார் வசந்தகுமார். பாவம், அவருக்குத் தெரியாது.

வெளியே வந்து மதியிடம், "கூப்பிடறேன்னாரும்மா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த மாதம் அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஒரு துணிக்கடையில் வேலை, தங்கமாரியோடு அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடை மாடியில் ஏதோ கூட்டம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் மட்டும் இல்லை, செல்போன் கம்பெனி, கண்ணாடிக் கம்பெனி, கார் கம்பெனி என்று எல்லா இடத்துச் சாம்பல், பச்சை, மஞ்சள் சட்டைகளும் வருகிறார்களாம். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் மூன்று நாள் உட்கார்ந்து விதி நான்கைத் திருத்தி எழுதினேன். டிரெய்னி, காண்ட்ராக்ட், எல்லோரும் உறுப்பினர் ஆகலாம் என்று. பொதுக்குழுவில் சண்டை போடுவேன், தோற்றால் ராஜினாமா செய்வேன் என்று முடிவெடுத்தேன். அந்தக் காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த மாடிப்படி ஏறினேன்.

கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் முப்பது நாற்பது போன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேசை இல்லை, பேனர் இல்லை, யார் கையிலும் பேப்பர் இல்லை. தங்கமாரி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே எதுவோ சொன்னாள். மதி எழுந்து வந்தாள். இளைத்திருந்தாள்.

"சாப்டியாப்பா?"

"சாப்ட்டேன். மதி, விதிய மாத்தி எழுதிக்கினு வந்துகீறேன். இனிமே நீங்களும்…" பாக்கெட்டில் கையை விட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "எடுக்காதப்பா. இங்க யாரும் எதையும் எழுதறதில்ல."

"சரி, எழுதல்ல. ஒரு ஓரமா உக்காந்து கேக்கறேன்."

"உன் கார்டு இன்னும் பச்சை காட்டுதுல்ல?"

"காட்டுது."

"இது செவப்பு காட்டினவங்க கூட்டம்பா. நிக்கிறது வேற, உறுப்பினர் வேற."

சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. என் குரலில், மண்டப வாசலில் நான் சொன்ன அதே பொறுமையோடுதான் சொன்னாள்.

"நான் இன்னாதாம்மா செய்யட்டும்? எதாவது சொல்லு, செய்யறேன்."

"அன்னைக்கே சொன்னேனேப்பா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டோம். இப்பவும் அதேதான். அடுத்த தடவை எங்கயாவது எங்காளுங்க கைய நிறுத்தினா, நீ போயி அந்த இடத்துல நிக்காத."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பதினொண்ணாவது ஸ்டேஷன்ல ரெண்டு நாள் யாரு நின்னதுன்னு எனக்குத் தெரியும்பா" என்றாள். "பட்டியல்ல கையெழுத்து போடாத பசங்களும் எங்காளுங்கதான். அவங்க உன் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.